முதல் லாரி, எந்த ஷெட்டில்?

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்ததும் முதல் வேலையை எங்கே பிடிப்பது என்று கேட்டு நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, ஈரோடு பக்கமிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில் எழுதியவர்கள் லாரி ஷெட்டிலும் புக்கிங் ஆபீசிலும் பழகியவர்கள்.

ஹெவி எடுத்து மூணு மாசமாச்சுங்க. நாமக்கல்லில் நாற்பது வண்டி ஓட்டும் ஒரு கம்பெனியில் செகண்ட் டிரைவராக வரச் சொல்கிறார்கள். சம்பளம் குறைவு. எங்க ஊரிலேயே ஒரே ஒரு பன்னிரண்டு சக்கர லாரி வைத்திருப்பவர், "நாளைக்கே ஸ்டியரிங் தர்றேன்" என்கிறார். அவர் சொல்லும் தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கு. எதற்குப் போகலாம்?
*– மகுடஞ்சாவடி வாசகர்*

நாமக்கல்லுக்குப் போங்க தம்பி. ஆனால் சேருவதற்கு முன்னால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். கூட வரும் சீனியர் டிரைவர் யார்? எத்தனை டிரிப் கழித்துத் தனியாக விடுவார்கள்? இதற்குப் பெயரும் கணக்கும் சொல்ல முடியாமல், "வாங்க, பாத்துக்கலாம்" என்றால் அங்கே செகண்ட் டிரைவர் என்பது கிளீனருக்கு வைத்த புதுப் பெயர். தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி, பாத்திரம் கழுவியே ஆறு மாசம் ஓடிவிடும்.

டிரைவிங் ஸ்கூலில் நீங்கள் ஓட்டியது காலி வண்டி. 35 டன் மொத்த எடையோடு நிற்கும் பன்னிரண்டு சக்கரம் வேறு ஜாதி. பிரேக் மிதித்து நிற்கும் தூரம், வளைவில் பின் சக்கரம் உள்ளே அறுக்கும் அளவு, ஏற்றத்தில் கியர் எப்போது இறக்குவது, ரிவர்ஸில் கண்ணாடியை நம்புவது எல்லாம் லோடோடு ஓடினால்தான் கைக்கு வரும். முதல் மூணு மாசம் பக்கத்தில் ஒரு ஆள் இருந்து, "இப்போ மிதிக்காதே" என்று சொல்வது பெரிய சொத்து. ஊர்க்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு அந்த வண்டி நின்றால் அன்றைக்கு வருமானமே கிடையாது. டியூ கட்டும் தேதி நெருங்கும்போது உங்கள் தூக்கத்தைப் பற்றி அவர் யோசிப்பது கஷ்டம். அனுபவப்பட்ட டிரைவர் அங்கே "முடியாது" என்று சொல்லிவிடுவார். புதுசாக வந்தவருக்கு அந்த வார்த்தை வாயில் வராது.

எந்த லோடு என்பதையும் பாருங்கள். பார்சல் சர்வீஸ் ராத்திரி ஓட்டம், நேரம் தப்பக் கூடாது. முதல் ஆறு மாசத்துக்கு அது வேண்டாம். முட்டை லோடு பிரேக்கைப் பூப்போல மிதிக்கக் கற்றுத்தரும், உடைசல் யார் கணக்கில் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இரும்புச் சுருள் லோடு புது ஆளுக்கு ஆகாது. கட்டு தளர்ந்தால் சுருள் கேபினைத் தேடி வரும். சிமெண்ட் மூட்டை, தீவனத்துக்கு வரும் மக்காச்சோளம், திருப்பூரிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் ஆகியவை கற்றுக்கொள்ள ஏற்றவை. பழகின ரோடு, தெரிஞ்ச பாஷை, வாரத்தில் ஒரு நாளாவது வீடு. கன்டெய்னர் டிரெய்லரை மட்டும் ரிவர்ஸ் நன்றாகப் பழகாமல் யார்டுக்குள் விடாதீர்கள்.

மாசச் சம்பளம் கிடையாது, வாடகையில் 12 சதவீதம் தருகிறோம், "எப்படியும் முப்பதாயிரம் வந்துடும்" என்கிறார்கள். நம்பலாமுங்களா?
*– பரமத்தி வேலூர் வாசகர்*

சதவீதத்தை விடுங்கள். எதற்குச் சதவீதம் என்று கேளுங்கள். புக்கிங் கமிஷன் போகும் முன்பா, பின்பா? டோலும் டீசலும் கழித்த பிறகா? ரிட்டன் லோடுக்கும் உண்டா? இறக்க இடமில்லாமல் நிற்கும் நாளுக்கு ஹால்டிங் படி உண்டா? இவை நாலும் தெரியாமல் 12 என்பதற்கு அர்த்தமே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக வைத்துக்கொண்டவைதான். போகும்போது வாடகை 70,000, திரும்பும்போது 40,000. மொத்தம் 1,10,000. அதில் 12 சதவீதம் 13,200. டிரிப் பதினொரு நாள் எடுத்தால் நாளைக்கு 1,200. ரிட்டன் லோடுக்குக் காத்திருந்து பதினைந்து நாளானால் அதே 13,200 நாளைக்கு 880 ஆகிவிடும். சாப்பாடு உங்கள் கையிலிருந்து என்றால் நாளைக்கு 350 வீதம் பதினொரு நாளுக்கு 3,850 போகும். மிச்சம் 9,350.

இனிதான் டீசல். போக வர 2,200 கிலோமீட்டர், ஓனர் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று மைலேஜ் வைத்திருக்கிறார் என்றால் 550 லிட்டர் கணக்கு. புது ஆள் கையில் வண்டி 3.7 கொடுக்கிறது. அப்போது குடித்தது கிட்டத்தட்ட 595 லிட்டர். 45 லிட்டர் வித்தியாசம், லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலும் 4,140. இதை உங்களிடம் பிடித்தால் கையில் நிற்பது 5,210. பதினொரு நாள் உழைப்புக்கு!

அதனால் மைலேஜ் எண்ணை வாயால் மட்டும் கேட்டு விடாதீர்கள். லோடுக்கு எவ்வளவு, காலிக்கு எவ்வளவு, மலை ரூட்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக வைத்திருக்கும் ஷெட்டில் கணக்குத் தெரிந்த மேனேஜர் இருக்கிறார் என்று பொருள். டேங்க் நிறைய அடித்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் நிறைய அடித்துப் பார்த்துக் கணக்கு முடிப்பதுதான் நேர்மையான முறை. அரை டேங்கில் வண்டியைக் கொடுத்துவிட்டு, "முள்ளு பாதியில இருந்துச்சு" என்பது சண்டைக்கு விதை. பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டியென்றால், புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா திரவத்தின் கணக்கையும் தனியாகக் கேளுங்கள். அது குறைந்தாலும் கலப்படமானாலும் இன்ஜின் இழுவையைக் குறைத்துக்கொள்ளும், பழி உங்கள் மேல் விழும்.

இறுக்கிப் பிடித்த மைலேஜுக்கு இன்னொரு விலை உண்டு. 45 லிட்டரை மிச்சம் பிடிக்கத் தெரியாத ஆள் இறக்கத்தில் நியூட்ரல் போடுவார். தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிறவற்றின் மேல் ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நியூட்ரலில் இன்ஜின் பிடிப்பு இல்லை. முழு எடையையும் பிரேக் டிரம் மட்டும் தாங்குகிறது. டிரம்மும் லைனிங்கும் சூடேறப் பிடிப்பு குறையும். திரும்பத் திரும்ப மிதிக்கக் காற்று செலவாகும், ஐடிலிங்கில் ஓடும் இன்ஜினின் கம்ப்ரசர் அதை ஈடுகட்டத் திணறும். இத்தனைக்கும் இப்போதைய இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் ஐடிலிங்குக்காவது டீசல் எரியும். ஏறின கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் கணக்கு, புகை வெளியேறுவதை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் போட்டுக்கொண்டு. இதைக் கடைப்பிடிக்க முடியாத அளவுக்கு மைலேஜ் கேட்கும் ஷெட்டில் சம்பளம் எவ்வளவு ஆனாலும் சேர வேண்டாம்.

ஷெட்டுக்குப் போனால் எதைப் பார்க்கணும்? ஓனர் முன்னால் நின்று டயரைத் தட்டிப் பார்த்தால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?
*– குமாரபாளையம் வாசகர்*

கோபித்துக்கொண்டால் நல்லது, உங்கள் வேலை சுலபமாகிவிட்டது.

போகும் முன்பே வெளியில் நிற்கும் இரண்டு மூன்று வண்டி நம்பரை எம்.பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் எந்தத் தேதி வரை என்று வந்துவிடும். எஃப்.சி. முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கப்புறம் வருஷா வருஷம். மூன்று வண்டியில் இரண்டுக்குத் தேதி தாண்டியிருந்தால் ஷெட்டுக்குள் நுழைய வேண்டியதே இல்லை. ஆர்.டி.ஓ. பிடிக்கும்போது ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பது ஓனர் இல்லை.

உள்ளே போனதும் முன் டயர். ரீட்ரெடிங் போட்ட டயர் பின்னால் ஓடலாம், முன் ஆக்சிலில் இருந்தால் அங்கே பணம் எதில் மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். டயரின் மேல் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். காடியின் அடியில் இருக்கும் சிறு மேடு தேய்மானக் குறி, பட்டன் அதற்குச் சமமாகத் தேய்ந்திருந்தால் டயர் முடிந்தது. பிறகு வீல் நட்டைச் சுற்றித் துருவின் கோடு வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வழிந்திருந்தால் நட்டு தளர்ந்து ஆடியிருக்கிறது. இன்ஜினை ஓட்டிக் காற்று நிறைந்ததும் அணைத்துவிட்டு, பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி இரண்டு நிமிஷம் காற்றழுத்த மீட்டரின் முள்ளைக் கவனியுங்கள். முள் கண்ணெதிரே இறங்கினால் எங்கோ கசிவு. பின்பக்கம் ஒளிரும் ஸ்டிக்கரும் விளக்கும் இருக்கிறதா என்பதைச் சொல்லவே வேண்டாம், ராத்திரி ரோட்டோரம் நிற்கும் லாரிக்கு அதுதான் உயிர்.

கேபினுக்குள் ஏறி மெத்தையையும் பாருங்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். பழைய வண்டியில் அதை எதிர்பார்க்க முடியாது, ஆனால் மின்விசிறியும் கொசுவலையும் செலவில்லாத விஷயம். டிரைவர் எங்கே தூங்குவார் என்று யோசித்த ஓனரா என்பது அதில் தெரியும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஷெட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடை. அந்த பெஞ்சுக்குத் தெரியாத ஓனர் கிடையாது. "நல்லவரா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். "டிரிப் முடிஞ்சு எத்தனை நாள்ல கணக்கு முடிப்பாருங்க?" என்று கேளுங்கள். அடுத்து, "மூணு வருஷத்துக்கு மேல ஓட்டுறவங்க எத்தனை பேருங்க?"

சேரும்போது ஒரிஜினல் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்வோம், ஐம்பதாயிரம் அட்வான்ஸ் தருகிறோம் என்கிறார்கள்.
*– கொடுமுடி வாசகர்*

இரண்டுமே வேண்டாம். லைசென்ஸ் நகலைக் கொடுங்கள். அவர்கள் உண்மையானதா என்று சரிபார்க்க நம்பரும் பிறந்த தேதியும் போதும். சரிபார்க்கும் ஓனர் நல்ல ஓனர், ஏனென்றால் உரிய லைசென்ஸ் இல்லாத ஆள் விபத்து செய்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அவரிடம்தான் வசூலிக்க வரும். ஒரிஜினலைப் பூட்டி வைப்பதற்கு இந்தக் காரணம் எதுவும் கிடையாது.

அட்வான்ஸ் வாங்கினால் அதை அடைக்கும்வரை "இந்த லோடு முடியாது" என்று சொல்ல வாய் வராது. கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ இருந்து வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் பேங்க் மூலம் வாங்குங்கள், ஒவ்வொரு டிரிப்பிலும் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். வெற்றுத் தாளிலோ தொகை போடாத பத்திரத்திலோ கையெழுத்து கூடவே கூடாது.

ஓவர் லோடு எல்லாரும்தானே ஏத்தறாங்க? ஓனர் ஃபைன் கட்டிக்குவார் என்கிறார்களே?
*– வெப்படை வாசகர்*

ஃபைனை அவர் கட்டுவார் என்றே வைத்துக்கொள்வோம். ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) மொத்த எடை 35,000 கிலோ, காலி எடை 11,000 கிலோ என்று இருந்தால் ஏற்றக்கூடியது 24 டன். 30 டன் ஏற்றினால் 6 டன் அதிகம். மோட்டார் வாகனச் சட்டப்படி அடிப்படை அபராதம் 20,000, ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. ஆக 32,000. அதிகச் சரக்கை அங்கேயே இறக்கிய பிறகுதான் வண்டி நகரும். இறக்கும் கூலியும் நிற்கும் நாளும் தனி.

ஓனரால் கட்ட முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. சரக்கு வண்டியில் ஓவர் லோடு என்பது டிரைவரின் லைசென்ஸைத் தற்காலிகமாக முடக்குவதற்கான குற்றங்களின் பட்டியலில் இருக்கிறது. முதல் வருஷத்திலேயே மூணு மாசம் லைசென்ஸ் முடங்கினால் அடுத்த ஷெட்டில் என்ன சொல்வீர்கள்? எடை மேடை ரசீதைக் கையில் வாங்காமல் லோடிங் இடத்தை விட்டுக் கிளம்பாதீர்கள். கூடவே இ-வே பில்லில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டில்) உங்கள் வண்டி நம்பர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது அதன் கெடு. வண்டி பழுதாகி நின்றால் கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டிக்கலாம் என்பதை ஆபீசுக்கு ஞாபகப்படுத்துவதும் உங்கள் வேலைதான்.

கேஸ் டேங்கர் ஓட்டினால் சம்பளம் அதிகமாமே? இல்லையென்றால் போர்வெல் போடும் ரிக் வண்டிக்குப் போகலாமா?
*– திருச்செங்கோடு வாசகர்*

டேங்கருக்கு ஹெவி லைசென்ஸ் மட்டும் போதாது. அபாயகரமான சரக்கு ஓட்டுவதற்கான மூன்று நாள் பயிற்சி முடித்து, லைசென்ஸில் அதற்கான பதிவு வாங்க வேண்டும். சாதாரண ஹெவி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும், இது மூன்று வருஷம்தான். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். டேங்கரின் குணமும் வேறு. உள்ளே திரவம் அலையடிக்கும், வளைவில் வேகமாகத் திருப்பினால் வண்டி நேரான பிறகும் உள்ளே இருப்பது சாய்ந்துகொண்டே போகும். இரண்டு வருஷம் சரக்கு லாரி ஓட்டிவிட்டு வாருங்கள், நாமக்கல் டேங்கர்கள் எங்கும் போய்விடாது.

ரிக் வேலையில் ஸ்டியரிங் பிடிப்பது கொஞ்சம், போர் போடுவது அதிகம். மாசக்கணக்கில் வெளி மாநிலம். சம்பாதிக்கலாம், லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள அது வழி இல்லை.

எனக்கு இன்னும் எல்.எம்.வி. (கார் போன்ற இலகு வண்டிக்கான லைசென்ஸ்) மட்டும்தான். ஹெவி எடுக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதுதானா?
*– கோபிசெட்டிபாளையம் வாசகர்*

வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்தது. அபாயகரமான சரக்குக்கு இது பொருந்தாது. ஹெவிக்கு எல்.எம்.வி. எடுத்து ஒரு வருஷம் முடிந்திருக்க வேண்டும், வயது 20 ஆக வேண்டும். அந்த ஒரு வருஷத்தைப் பிக்கப், மினி லாரி ஓட்டிக் கழியுங்கள். மண்டிச் சந்தில் ரிவர்ஸ் எடுத்த கை ஹெவியில் பயப்படாது. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் டிரைவர் பயிற்சி மையம் இருக்கிறது, ஹெவி எடுக்கும்போது அங்கேயும் விசாரியுங்கள்.

என் பையன் செகண்ட் டிரைவராகச் சேருகிறான். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு என்கிறார் ஓனர். அவனுக்கு ஏதாவது ஆனால் அதுவே போதுமா சாமி?
*– ஒரு தாய், காங்கேயம்*

பாலிசித் தாளைப் பார்க்கச் சொல்லுங்கம்மா. வேலை செய்யும் ஆட்களுக்காகப் பிரீமியம் கட்டிய வரியில் எத்தனை பேர் என்று போட்டிருக்கும். அதில் 1 என்று இருந்து வண்டியில் இரண்டு பேர் போனால், இரண்டாவது ஆள் உங்கள் பையன்தான். இரண்டு என்று மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அதைச் செய்யத் தயங்குகிறவரிடம் அனுப்ப வேண்டாம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் சம்பளம் 21,000க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டா என்று கேளுங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ என்றால் பி.எஃப். வேலையில் நேரும் விபத்துக்கு இழப்பீடு சம்பளத்தை வைத்தே கணக்கிடுவார்கள். அதனால் சம்பளத்தில் ஒரு பகுதியாவது பேங்க் கணக்கில் விழ வேண்டும். மொத்தத்தையும் கையில் படியாக வாங்கினால் நாளைக்குக் காட்ட ஒரு தாள் இருக்காது. வேலை நேரம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதுதான் சட்டத்தின் பொது அளவு. ரோட்டில் அது அப்படியே நடப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நிறுத்த விடுவார்களா என்று மட்டுமாவது கேட்டு வாங்குங்கள்.

ஆறு மாசத்தில் வேலை ஒத்துவரவில்லை என்றால் எப்படி விலகுவது? பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.
*– பள்ளிபாளையம் வாசகர்*

பாதி வழியில் மட்டும் இறங்காதீர்கள். சரக்குக்குப் பொறுப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. ஒரு டிரிப் முன்னாடியே சொல்லிவிட்டு வண்டியை ஷெட்டில் கொண்டுவந்து விடுங்கள். கிலோமீட்டர் மீட்டர், டீசல் முள், எல்லா டயர், ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு, பேப்பர் ஃபைல் எல்லாவற்றையும் செல்போனில் தேதியோடு படம் எடுத்து, அவற்றை எழுதிய தாளில் மேனேஜரிடம் கையெழுத்து வாங்குங்கள். டோல் ரசீதும் பங்க் பில்லும் டிரிப் வாரியாக ஒரு கவரில் இருந்தால் கணக்கு முடிய ஒரு மணி நேரம் போதும். அன்றைக்கே இ-செலான் தளத்தில் வண்டி நம்பரையும் லைசென்ஸ் நம்பரையும் போட்டு, நீங்கள் ஓட்டின நாளில் விழுந்த அபராதம் ஏதாவது கட்டாமல் நிற்கிறதா என்று பார்த்து, கடைசிப் பணத்தை எண்ணுவதற்கு முன்னாலேயே அதைப் பேசி முடித்துவிடுங்கள்.